எந்த டிஸ்க் என்று கேட்டது

2020 ஜூலை 31, வெள்ளிக்கிழமை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அன்று மாலை வாரச் சம்பளம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காரணம் நான். அன்று நான் வேறு காரணங்கள் சொன்னேன். கரண்ட் ஏறி இறங்கியது என்று ஒருவரிடம் சொன்னேன். டிஸ்க் போய்விட்டது போலிருக்கிறது என்று இன்னொருவரிடம் சொன்னேன். அலுவலகத்துப் பையன் எதையோ தட்டிவிட்டான் என்று முதலாளியிடம் சொன்னேன். மூன்றும் பொய். மூன்றாவது பொய் ஒருவன் வேலையைக் கெடுத்தது.

நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். கொஞ்சம் தொழில்நுட்பமும் வரும். அதை விட்டுவிட்டுச் சொன்னால், ஏதோ கம்ப்யூட்டர் கோளாறு, இவர் என்ன செய்வார் என்று நீங்கள் என்னை விட்டுவிடுவீர்கள். கோளாறு கம்ப்யூட்டரில் இருக்கவில்லை.

நான் கோவையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன். சர்வர் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கம்பெனியில் அது அக்கவுண்ட்ஸ் அறை மூலையில், துணி ரோலுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அசெம்பிள்டு கணினி. உபுண்டு 18.04. அதில் ஓடியது சம்பளக் கணக்கு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற கம்பெனி அது. ஓவர்லாக்கில் யார் எத்தனை பீஸ் ஓட்டினார், ஃபிளாட்லாக்கில் எத்தனை, எந்த ஆப்பரேஷனுக்கு என்ன ரேட், வாங்கிய அட்வான்ஸில் எவ்வளவு பிடிக்க வேண்டும், எல்லாம் அதற்குள் இருந்தது. பண்டில் சீட்டுகளைத் தினமும் ஏற்றுவார்கள். வாரக் கடைசியில் ஆளுக்கொரு சீட்டு அச்சாகும். சீட்டும் பணமும் ஒரே கவரில் போகும்.

வழக்கமாகச் சனிக்கிழமைச் சம்பளம். அந்த வாரம் சனிக்கிழமை, ஆகஸ்ட் 1, பக்ரீத். மறுநாள் ஞாயிறு ஆடிப்பெருக்கு. ஆனால் அப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தளர்வில்லாத முழு ஊரடங்கு, ஒரு கடை திறக்காது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே பணம் கைக்கு வந்தால்தான் உண்டு. வியாழக்கிழமை இரவு முதலாளி எனக்கு ஃபோன் செய்து சொன்னார்: “நாளைக்குச் சாயங்காலம் சம்பளம் போட்டாகோணுங்க. நாளைக்கு ஒரு நாள் சர்வர்ல கை வெக்காதீங்க.”

சரிங்க என்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கை வைக்காதே என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஏன் கை வைத்தேன்? அந்த வாரம் புதன்கிழமை, ஜூலை 29, பூட்ஹோல் என்ற செய்தி வெளியானது. லினக்ஸைத் துவக்கிவைக்கிற கிரப் என்ற பூட் லோடரில் ஓர் ஓட்டை. எக்லிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. கிரப் தன் அமைப்புக் கோப்பைப் படிக்கும்போது, அளவுக்கு மீறிய நீளத்தில் ஒரு சொல்லைக் கொடுத்தால் நினைவகம் பொங்கி வழியும். அந்த வழியாகச் செக்யூர் பூட் என்ற காவலைத் தாண்டிவிடலாம். உபுண்டு, டெபியன், ரெட் ஹேட், சூசே எல்லாரும் ஒரே நேரத்தில் திருத்தம் வெளியிட்டார்கள். எங்கள் தொழில்காரர்களின் வாட்ஸாப் குழுவில் வேறு பேச்சே இல்லை. யார் யார் பேட்ச் போட்டாயிற்று என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் பார்க்கிற எல்லாக் கணினியிலும் முடித்தாயிற்று என்று அந்தக் குழுவில் முதல் ஆளாகப் போட எனக்கு ஆசை.

காரணம் இவ்வளவுதான். அந்தக் கணினிக்கு அந்த ஓட்டையால் ஆபத்து இருந்ததா? இல்லை. அது பழைய பயாஸ் முறையில் துவங்குகிற கணினி. அதில் செக்யூர் பூட்டே கிடையாது. இல்லாத காவலை யார் தாண்டுவது? இது எனக்குப் பிறகு தெரிந்த விஷயம் இல்லை. அன்று காலையிலேயே தெரியும்.

இனி, அந்தப் பூட் லோடர் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இதை ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களுக்கு நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன். 1995ல் எரிக் போலின் எழுதத் தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து, கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். கைதட்டுவார்கள்.

பவர் பட்டனை அழுத்தியதும் பயாஸ் எழுந்து, துவக்க வேண்டிய டிஸ்கின் முதல் செக்டரைப் படிக்கும். 512 பைட். அதில் 446 பைட்தான் நிரலுக்கான இடம். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை. கடைசி இரண்டு பைட் அடையாள முத்திரை. அந்த 446 பைட்டுக்குள் கிரப் முழுவதும் அடங்காது. அங்கே இருக்கிற துண்டுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: அடுத்த துண்டு டிஸ்கில் எந்த செக்டரில் கிடக்கிறது என்பது. அந்த அடுத்த துண்டுக்குக் கோர் இமேஜ் என்று பெயர். முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே உள்ள காலி இடத்தில் அது இருக்கும். கோப்பாக இருக்காது. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் அந்த இடம் கண்ணில் படாது. கோர் இமேஜுக்கு ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியும். அது உள்ளே போய், பூட் ஃபோல்டருக்குள் இருக்கிற கிரப் ஃபோல்டரைக் கண்டுபிடித்து, நார்மல் என்ற மாட்யூலை ஏற்றும். நார்மல் வந்த பிறகுதான் அமைப்புக் கோப்பு படிக்கப்படும், மெனு தெரியும், கர்னல் ஏறும்.

ஆக, கிரப் இரண்டு இடத்தில் வாழ்கிறது. ஒரு பாதி டிஸ்கின் தலையில். மறு பாதி கோப்புகளாக, ஃபோல்டருக்குள். அப்டேட் வரும்போது கோப்புப் பாதி தானாகப் புதிதாகிவிடும். தலையில் இருக்கிற பாதி, கிரப்-இன்ஸ்டால் என்ற கட்டளை சரியான டிஸ்கின்மேல் ஓடினால்தான் புதிதாகும். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பூட்டுக்குள் புதுச் சாவியை விட்ட கதைதான்.

எந்த டிஸ்கின் தலையில் எழுதுவது என்று உபுண்டுவுக்கு எப்படித் தெரியும்? முதன்முதலில் நிறுவும்போது கேட்டுக் குறித்து வைத்துக்கொள்கிறது. டிஸ்கின் மாடல், சீரியல் எண் சேர்த்து ஒரு பெயர். அடுத்தடுத்த அப்டேட்டின்போது அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் எழுதும்.

முந்தைய வருடம் அந்தக் கணினியின் பழைய டிஸ்க் மோசமாகத் தொடங்கியது. நான் போய்ப் புது சாலிட் ஸ்டேட் டிஸ்கைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, கிரப்-இன்ஸ்டாலைக் கையால் ஓட்டினேன். கணினி துவங்கியது. டீ வந்தது. கிளம்பிவிட்டேன். அந்தக் குறிப்பை மாற்றவில்லை. மாற்றுவதற்கு ஒரு கட்டளை போதும். அதுவும் எனக்குத் தெரியும். துவங்கிவிட்டதே, போதும் என்று விட்டேன். கழற்றிய பழைய டிஸ்க் என் வீட்டு மேஜை டிராயரில் கிடந்தது. உபுண்டு வைத்திருந்த குறிப்பில் அந்த டிராயர் டிஸ்கின் சீரியல் எண்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைந்து அப்டேட்டைத் தொடங்கினேன். பாதியில் திரை மாறியது. ஊதாப் பின்னணி, நடுவில் சாம்பல் நிறக் கட்டம். முன்பு கிரப் நிறுவப்பட்டிருந்த டிஸ்க் இப்போது இல்லை, அல்லது அதன் அடையாளம் மாறிவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. கோர் இமேஜும் மாட்யூல்களும் ஒத்துப்போவது முக்கியம், எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று சரிபார்க்கவும் என்றும் எழுதியிருந்தது. கீழே இரண்டு டிஸ்குகள். ஒன்று 250059 எம்பி. இன்னொன்று 1000204 எம்பி. அது பேக்கப்புக்காக நான் போட்டது. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு காலியான கட்டம். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கட்டத்துக்குள் நட்சத்திரக் குறி விழும்.

உபுண்டு இருப்பது சின்ன டிஸ்கில் என்று தெரியும். ஆனால் பயாஸ் எதைப் பார்த்துத் துவங்குகிறது? டிஸ்க் மாற்றிய அன்று கேபிளை மாற்றி மாற்றிச் செருகிய நினைவு இருந்தது. கடைசியில் எப்படி விட்டேன் என்ற நினைவு இல்லை. குறித்து வைக்கும் பழக்கமும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான ஆள் என்ன செய்திருப்பான்? அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததை முழுதாகப் படித்திருப்பான். எந்த டிஸ்க் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் எல்லா டிஸ்கிலும் எழுதிவிடுவது பெரும்பாலும் நல்லது என்று அந்த விளக்கத்திலேயே இருக்கிறது. எனக்குத் தேவையான பதில் என் கண்முன் திரையில் இருந்தது. நான் படிக்கவில்லை. இதையெல்லாம் எத்தனையோ முறை பார்த்தவன் நான் என்ற எண்ணம். அது கர்வம்.

அதோடு பயமும் சேர்ந்தது. தப்பான டிஸ்கில் எழுதிப் பேக்கப் போய்விட்டால்? 446 பைட்டுக்கு வெளியே இருக்கிற பார்ட்டிஷன் அட்டவணையைக் கிரப்-இன்ஸ்டால் தொடாது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தந்தவன் நான். எனக்கே அது அந்த நேரத்தில் உதவவில்லை. அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, பயாஸ் திரையைத் திறந்து எந்த டிஸ்க் முதலில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்டால், கை வைக்காதே என்ற நாளில் கை வைத்திருக்கிறேன் என்பது தெரிந்துபோகும். பெரிய பயம் இதுதான். பேக்கப் பயம் அதற்குப் போர்த்திய போர்வை.

எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எதுவும் கெடாது என்று முடிவு செய்தேன். ஸ்பேஸ் பாரைத் தொடவில்லை. டேப் அழுத்தி, சரி என்று கொடுத்தேன்.

இன்னொரு கட்டம் வந்தது. எந்த டிஸ்கிலும் கிரப்பை நிறுவாமல் தொடரவா என்று கேட்டது. அதற்குக் கீழே எச்சரிக்கை: அடுத்த முறை துவங்கும்போது, பூட் செக்டரில் முன்பு என்ன இருந்ததோ அதுவே பயன்படும், அங்கே இருப்பது கிரப்பின் பழைய பதிப்பாக இருந்தால் அதனால் மாட்யூல்களை ஏற்ற முடியாமல் போகலாம். சில மணி நேரத்தில் என்ன நடக்கப் போகிறதோ அதை அப்படியே சொல்லியது. அந்தக் கட்டத்தில் விடை ‘வேண்டாம்’ என்பதில்தான் நின்றுகொண்டிருக்கும். சும்மா என்டர் தட்டியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அம்புக்குறியை அழுத்தி ‘ஆம்’ என்பதற்குக் கொண்டுபோய் என்டர் தட்டினேன். கவனக்குறைவு என்று சொல்லி இதை நான் சின்னதாக்க முடியாது. கவனக்குறைவு அம்புக்குறியை நகர்த்தாது.

அப்டேட் முடிந்தது. கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பண்டில் சீட்டுகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. ரீஸ்டார்ட் செய்யாமல் விட்டிருந்தால் மாலையில் சம்பளச் சீட்டு அடித்திருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில், யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று பார்த்து, ரீஸ்டார்ட் கொடுத்தேன். பிறகு பிங் விட்டுக் காத்திருந்தேன். பதில் வரவில்லை. வழக்கமான நேரம் கடந்தது. வரவில்லை. வயிற்றைக் கலக்கியது.

அக்கவுண்ட்ஸ் அறையில் அப்போது இருந்தவன் ஓர் இளைஞன். பேக்கிங்கில் சேர்ந்தவன். கம்ப்யூட்டரில் ஆர்வம் என்று முதலாளி அவனை அலுவலகத்துக்கு மாற்றியிருந்தார். பண்டில் சீட்டு ஏற்றுவது அவன்தான். அவனுக்கு ஃபோன் செய்தேன்.

“தம்பி, சர்வர் ஸ்கிரீன்ல என்ன தெரியுது?”

“கருப்பா இருக்குதுங்ணா. எரர்னு போட்டு ஏதோ எழுதியிருக்குது. கடைசீல ரெஸ்க்யூன்னு இருக்குது.”

“எதையும் தொடாதே. ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு.”

அனுப்பினான். மதியம் 1:52 என்று இருக்கிறது அந்தப் படத்தில். கிரப் கேலாக் என்ற சொல்லைக் காணோம் என்று ஒரு வரி. அதன் கீழே கிரப் ரெஸ்க்யூ என்று ஒரு வரி, அதை ஒட்டி மின்னுகிற கோடு. கோட்டுக்கு முன்னால் ஓர் எழுத்துகூடத் தட்டப்படவில்லை. படத்தில் தெளிவாகத் தெரிகிறது.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்தது. பூட்ஹோலைச் சரிசெய்தவர்கள், நினைவகம் ஒதுக்கும்போது கணக்கு மீறாமல் சரிபார்க்கிற ஒரு புதுச் செயல்கூற்றை கிரப்பின் மையத்தில் சேர்த்திருந்தார்கள். அதன் பெயர்தான் கிரப் கேலாக். புது மாட்யூல்கள் அதைத் தேடுகின்றன. டிஸ்கின் தலையில் இருக்கும் பழைய கோர் இமேஜில் அது இல்லை. காலையில் நான் ‘ஆம்’ என்றதன் விளைவு.

அதற்குள் முதலாளி அழைத்துவிட்டார். “என்னாச்சுங்க? சிஸ்டம் வரலீங்கறான்?”

நான் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன். “தம்பி ஏதோ கீயைத் தட்டிட்டாப்ல போலிருக்குதுங்க. ரெஸ்க்யூல போய் நிக்குது. நான் பார்த்துக்கறேன்.”

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. ஆனால் வாயில் ஏன் அது வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். அந்தப் பையன் எதிர்த்துப் பேச மாட்டான் என்று எனக்குள் எங்கோ தெரிந்திருக்கிறது. கரண்ட், டிஸ்க் எல்லாம் மற்றவர்கள் கேட்டபோது பிறகு சேர்த்துக்கொண்டவை.

அடுத்து செய்ததும் தப்பு. ரெஸ்க்யூ வரி வந்தால் என்ன செய்வது என்பதற்கு எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு வழி உண்டு. டிஸ்குகளைப் பட்டியலிட்டு, கிரப் ஃபோல்டர் எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை முகவரியாகக் கொடுத்து, நார்மலை ஏற்றுவது. ஃபோல்டர் இருக்கும் இடம் தெரியாமல் கிரப் திணறும்போது அந்த வழி உதவும். இங்கே இடம் அதற்குத் தெரிந்தே இருந்தது. அங்கிருந்து எடுத்த மாட்யூல்தான் ஒத்துப்போகவில்லை. ஏற்றச் சொன்னால் அதே பிழைதான் மறுபடி வரும். பிரச்சினை புரிந்த பிறகும், பையனை ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வைத்தேன். அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தேடித் தேடித் தட்டினான். அதே பிழை. மறுபடி தட்டச் சொன்னேன். அதே பிழை. ஏதாவது நடந்துகொண்டிருப்பதாக முதலாளிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதைச் செய்தேன். அந்த மதியத்தில் பாதி இப்படிப் போனது.

நேரில் போயிருக்க முடியாதா? கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே அப்போது இ-பாஸ் வேண்டும். கிடைப்பது கஷ்டம் என்று முதலாளியிடம் சொன்னேன். நான் விண்ணப்பிக்கவே இல்லை.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. மாலையாக ஆக, அறை வாசலில் ஆட்கள் வந்து கேட்பது எனக்குக் கேட்டது. “சீட்டு அடிச்சாச்சுங்களா?” ஒரு பெண் குரல். “இன்னும் கொஞ்ச நேரமுங்க்கா” என்று இவன். கொஞ்சம் கழித்து அதே குரல். பிறகு ஓர் ஆண் குரல். பக்ரீத்துக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டும், கடை சாத்திவிடுவார்கள் என்றார். பஸ் ஓடாத நாட்கள் அவை. கம்பெனி வேனில்தான் வந்து போனார்கள். வேன் டிரைவர் ஹாரன் அடிப்பதும் கேட்டது. கடைசியில் முதலாளி ஆளுக்கு ஐநூறு ரூபாய் கணக்கில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். “ஐநூறுல என்னங்க எடுக்கறது” என்று யாரோ கேட்டார். யாரும் சத்தம் போடவில்லை. அந்த ஊரடங்கில் பல வாரம் வேலையே இல்லாமல் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்தவர்கள். இருக்கிற வேலையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று பேசாமல் போயிருப்பார்கள். வாரச் சம்பளத்தில் வாழ்கிறவர்களுக்கு அடுத்த நாள் வாடகைத் தேதி, அதோடு பண்டிகை. நான் கோவையில் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

சரிசெய்தது இரவில். முதலாளி வீட்டு லேப்டாப்பில் உபுண்டுவை இறக்கி, பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் துவக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பென் டிரைவைத் தயார் செய்தவன் அந்தப் பையன்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக. அதில் துவக்கி, சின்ன டிஸ்கின் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, டெவ், பிராக், சிஸ் ஃபோல்டர்களை அதோடு இணைத்து, சேஞ்ச் ரூட் போட்டு உள்ளே போய், கிரப்-இன்ஸ்டால். அது ஒரே வரி. பிழையில்லாமல் முடிந்தது என்று வந்தது. குறிப்பையும் அப்போதே மாற்ற வைத்தேன். பழைய ஊதாத் திரை வந்தது. “இதுல எதைங்ணா அழுத்தறது?” என்றான். சின்ன டிஸ்கில் நின்று ஸ்பேஸ் பாரை அழுத்து என்றேன். “நட்சத்திரம் வந்துருச்சுங்ணா” என்றான்.

கணினி வந்தது. கணக்கு எதுவும் போகவில்லை. சீட்டுகளை அச்சடித்தான். வாங்க ஆள் இல்லை. பெரும்பாலானோர் திங்கட்கிழமைதான் வாங்கினார்கள்.

அடுத்த வாரம் நான் பில் அனுப்பினேன். பூட் லோடர் பழுது நீக்கம், 2500 ரூபாய். முதலாளி உடனே கொடுத்துவிட்டார். நன்றி என்றும் சொன்னார்.

அந்தப் பையனை அக்கவுண்ட்ஸ் அறையிலிருந்து எடுத்துவிட்டார். மறுபடி பேக்கிங். சம்பள நாளில் சிஸ்டத்தை நோண்டினவன் என்று கம்பெனி முழுக்கப் பேர். ஐநூறு ரூபாயோடு வேன் ஏறியவர்களுக்கு அவன்மேல் கோபம் இருக்காதா? தீபாவளிக்கு முன்பே நின்றுவிட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது நான் என்ன செய்தேன் என்றால், சரி என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

எனக்கு ஒளிந்துகொள்ள ஒரு நல்ல இடமும் கிடைத்தது. ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே உபுண்டு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முந்தைய கிரப் திருத்தம் சில பயாஸ் கணினிகளைத் துவங்கவிடாமல் செய்துவிட்டது, புதுத் திருத்தம் தருகிறோம் என்று. உலகம் முழுக்கப் பலருக்கு அதே கிரப் கேலாக் வரி வந்திருந்தது. வாட்ஸாப் குழுவில் எல்லாரும் உபுண்டுவைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். அவர்களில் எத்தனையோ பேருக்கு எதுவும் கேட்காமலே நடந்தது. என்னிடம் கேட்டது. இரண்டு முறை கேட்டது. குழுவில் இதை நான் சொல்லவில்லை.

அந்தப் படம் என் ஃபோனிலேயே இருந்தது. 1:52. மின்னுகிற கோட்டுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் எதையும் தட்டவில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். சாட்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாய் மூடி இருந்தேன். அப்டேட் எப்போது ஓடியது, யார் ஓட்டியது என்பதும் அந்தக் கணினியின் பதிவேட்டில் நிமிடக் கணக்காக இருந்தது. அந்தப் பதிவேட்டைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

வெகுநாள் கழித்து, ஃபோனில் இடம் இல்லை என்று பழைய படங்களை அழித்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. அழிக்க விரலைக் கொண்டுபோனேன். கொண்டுபோனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு முதலாளிக்கு அனுப்பினேன். அதோடு இங்கே எழுதியிருப்பதைச் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். 2500 ரூபாயையும் அனுப்பினேன். அவர் உடனே ஃபோன் செய்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“அந்தப் பையன் அன்னைக்கே சொன்னானுங்க, நான் ஒண்ணும் தொடலைன்னு” என்றார். “படிச்சவரு சொல்றாரு, நீ பொய் பேசறியான்னு அவனை எல்லாத்துக்கும் முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டனுங்க.” வேறு எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். இப்போது அவருடைய சர்வரை வேறு ஒருவர் பார்க்கிறார்.

பையனின் எண்ணை அவரிடமே கேட்டு வாங்கினேன். வேறொரு கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறான். நான் பெயரைச் சொன்னதும் யாரென்று தெரிந்துகொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

“நீங்கதான் ஏதோ பண்ணியிருக்கீங்கன்னு அன்னைக்கு ராத்திரியே தெரியுங்ணா. அந்த நட்சத்திரம் போடச் சொன்னீங்களே, அப்பவே” என்றான். பிறகு, “அதுக்கு பில் போட்டீங்களாங்ணா?” என்று கேட்டான்.

போட்டேன் என்றேன்.

“எவ்வளவுங்ணா?”

சொன்னேன்.

“என்ற வாரச் சம்பளமே அன்னைக்கு அவ்வளவுதானுங்ணா” என்றான்.